வரைந்த இரசவாதமும் புதைத்த இரசவாதமும்: ஐரோப்பியப் படங்களும் மயிலாடிக் கல்தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பிய இரசவாதம் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் தனக்கெனப் பெரியதொரு பட மரபை வளர்த்துக்கொண்டது. தமிழ்ச் சித்தர் இரசவாதத்துக்கு அத்தகைய மரபு இல்லை. அவ்வின்மையை நிரப்பும் பொருட்டு அர்த்தநாரீசுவரர் முதலான படிமங்களை ஐரோப்பிய இரசவாத உருவங்களுக்கு இணையாக நிறுத்தும் போக்கு ஒப்பீட்டு எழுத்துகளில் காணப்படுகிறது. அவ்வொப்பீடு பொருந்தாது என்பதையும், தமிழ் இரசவாதத்தின் தடத்தைச் சிலையின் தோற்றத்தில் அன்றிக் கல்தேர்விலும் அட்டபந்தன மருந்திலும் தேட வேண்டும் என்பதையும், கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியின் கல்தொழிலை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இரசவாதம், சித்தர் மரபு, மயிலாடி, கற்சிற்பம், அட்டபந்தனம், சாதிலிங்கம், கருவூரார்.

முன்னுரை

இரசவாதி என்ற சொல்லைக் கேட்டதும் ஐரோப்பிய ஓவிய வரலாற்றை அறிந்தவர் மனத்தில் எழும் காட்சி ஏறத்தாழ ஒன்றே: புகை மண்டிய அறை, உலை, உடைந்த பாண்டங்கள், ஏட்டின் மீது குனிந்த முதியவர். தமிழ் வாசகர் மனத்தில் அச்சொல் எழுப்புவது காட்சியன்று, கதை. போகர், கருவூரார், மதுரையில் எல்லாம் வல்ல சித்தராக வந்த சோமசுந்தரர் எனப் பெயர்கள் வருகின்றன, அவர்கள் செய்த செயல்கள் வருகின்றன, உலை வருவதில்லை. இன்று வீடுகளில் மாட்டப்படும் பதினெண் சித்தர் படங்களிலும் சடை, தாடி, யோக இருக்கை ஆகியவையே பெரும்பாலும் உள்ளன. மூசையும் துருத்தியும் சித்தர் பாடல்களில் நிறைந்திருக்க, சித்தர் படங்களில் அவற்றுக்கு இடமில்லை.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் காரணம் எழுதுபொருள் சார்ந்தது: பனையோலை ஓவியத்துக்கு இடங்கொடாது, அச்சு தமிழ் மருத்துவ, வாத நூல்களைத் தாமதமாகவே எட்டியது. இக்காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. மந்திர நூல்களில் சக்கரங்களும் எந்திரங்களும் ஓலையிலேயே கீறப்பட்டன. கோடும் கட்டமும் எழுத்தும் கூடிய நுண்ணிய வரைவு இயலக்கூடிய இடத்தில் உலையின் வரைபடம் ஒன்று இயலாமற் போயிருக்க வேண்டியதில்லை. எனவே தமிழ் இரசவாதம் படத்தை இழந்தது என்பதைவிட, படத்தைத் தன் ஊடகமாகக் கொள்ளவில்லை என்பதே பொருத்தமான தொடக்கம். அப்படியானால் அது எதை ஊடகமாகக் கொண்டது என்பதே இங்கு எழும் வினா.

படமாகிய மறைபொருள்

ஐரோப்பிய மரபை ஒற்றை மரபாகக் கொள்வது முதற்பிழை. அதனுள் குறைந்தது இரு வேறு பட வகைகள் உள்ளன. ஒன்று இரசவாதியைப் புறத்தே நின்று காண்பது. மற்றொன்று இரசவாதத்தை அகத்தே நின்று காட்டுவது.

முதல் வகைக்குப் பீட்டர் புரூகல் 1558இல் வரைந்து, பிலிப் காலே செதுக்கி, ஆண்ட்வெர்ப் நகரில் ஹிரோனிமஸ் காக் வெளியிட்ட படத்தைச் சொல்லலாம். இரசவாதி எஞ்சிய காசையும் மூசையில் இடுகிறான். மனைவி வெறும் பையைக் காட்டுகிறாள். கோமாளிக் குல்லாய் அணிந்த ஒருவன் துருத்தி ஊதுகிறான். உணவற்ற நிலையடுக்கில் ஏறி விளையாடும் குழந்தைகளில் ஒன்று சட்டியைத் தலையில் கவிழ்த்திருக்கிறது. கற்றவர் ஒருவர் மேசையில் அமர்ந்து சுட்டும் ஏட்டில் உள்ள சொல் ‘இரசவாதி’ என்றும் படிக்கலாம், ‘எல்லாம் பாழ்’ என்றும் படிக்கலாம். சாளரத்துக்கு வெளியே அதே குடும்பம் ஏழையர் விடுதியின் வாயிலில் நிற்கிறது. அச்சட்டி அங்கும் அக்குழந்தையின் தலையில் இருக்கிறது. நிகழ்வும் விளைவும் ஒரே தாளில் அமைந்த இப்படம் அங்கதத்தின் உச்சம். தமிழில் இதற்கு நிகரானது சொல்லில் உண்டு. குபேரனைப்போலப் பொன் குவித்தவரும் இரசவாதத்தை நாடி அலைவதைத் தாயுமானவர் ஆசையின் எல்லையின்மைக்குச் சான்றாக வைக்கிறார். புரூகலின் இரசவாதி வறியன். தாயுமானவர் காட்டுபவன் செல்வன். பின்னது கூர்மை மிகுந்தது என்பதை ஒப்பிலக்கிய வாசகர் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் வகையே இங்கு முதன்மையானது. 1550இல் பிராங்க்ஃபர்ட்டில் அச்சான ‘ரோசாரியம் ஃபிலசோஃபோரம்’ நூலின் இருபது மரச்செதுக்குப் படங்கள், 1582ஆம் ஆண்டுப் பிரதியாகப் பிரித்தானிய நூலகத்தில் உள்ள ‘ஸ்ப்ளெண்டோர் சோலிஸ்’ சுவடியின் இருபத்திரண்டு வண்ண ஓவியங்கள், ஹைன்ரிக் கூன்ராத்தின் 1595ஆம் ஆண்டு நூலில் உள்ள வட்டப் படங்கள், மைக்கேல் மாயரின் ‘அத்தலாந்தா ஃபூகியென்ஸ்’ நூலுக்கு மத்தேயு மேரியன் செதுக்கிய ஐம்பது சின்னங்கள், 1677இல் லா ரோஷெலில் வெளிவந்த ‘மூத்துஸ் லீபெர்’ என்னும் ஊமை நூலின் பதினைந்து தகடுகள் என இவ்வரிசை நீளும். இவற்றில் படம் என்பது உரைக்கு விளக்கமன்று. உரை சொல்ல மறுப்பதைப் படம் சொல்கிறது. படம் காட்டுவதை உரை மறைக்கிறது. ஊமை நூலில் ஏறத்தாழ உரையே இல்லை. ஆணும் பெண்ணுமாக இருவர் துணி விரித்துப் பனிநீர் சேர்க்கின்றனர், பிழிகின்றனர், உலைக்கு இருபுறமும் மண்டியிடுகின்றனர். அறிந்தவர் மட்டுமே அறிந்துகொள்ளும் செய்முறை ஒன்று கண்ணுக்கு முழுதும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. மறைப்பதற்காகவே காட்டுதல் என்னும் இவ்வுத்தியே ஐரோப்பிய இரசவாதப் படத்தின் தனித்தன்மை.

கூன்ராத்தின் புகழ்பெற்ற படத்தில் நீண்ட கூடத்தின் இடப்புறம் கூடாரத்தினுள் ஒருவர் மண்டியிட்டு வழிபடுகிறார். வலப்புறம் உலையும் பாண்டங்களும் உள்ளன. நடுவே மேசையில் இசைக்கருவிகள். வழிபாடும் வேலையும் ஒரே கூரையின்கீழ் உள்ளன என்பதே அதன் வாதம். ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையே கூடத்தின் அகலம் முழுவதும் கிடக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பியின் பட்டறையை நோக்கும்போது இவ்விடைவெளியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

சொல்லில் ஒளிந்த இரசம்

சித்தர் நூல்கள் மறைப்புக்குச் சொல்லையே நம்பின. பரிபாஷை எனப்படும் குழூஉக்குறி வழக்கில் ஒரு பொருளுக்குப் பல பெயர். ஒரு பெயருக்குப் பல பொருள். முப்பு என்றால் எது, பூநீறு எங்கு எடுப்பது என்பவை இன்றும் சித்த மருத்துவருக்கிடையே முடிவுறாத வழக்குகள். இச்சொல்லாட்சியின் உச்சத்துக்கு ‘இலிங்கம்’ என்ற ஒரு சொல் போதும். சித்த மருத்துவத்தில் இலிங்கம் என்பது சாதிலிங்கத்தைக் குறிக்கும். அது பாதரசமும் கந்தகமும் கூடிய செந்நிறக் கனிமம்; எடையில் ஏறத்தாழ 86 விழுக்காடு பாதரசம். அதைச் சூடேற்றினால் பாதரசம் பிரியும். இலிங்கத்தில் இரசம் வாங்குதல் என்று அதனைக் குறிப்பர். கருவறையில் நிற்கும் இலிங்கமும் கல்வத்தில் அரையும் இலிங்கமும் ஒரே சொல்லைப் பகிர்கின்றன. ஐரோப்பிய ஓவியர் அரசனையும் அரசியையும் ஒரே தொட்டியில் இறக்கி வரைய வேண்டியிருந்த கருத்தைத் தமிழ் வாதநூலார் ஒரு சொல்லின் இரு பொருளில் முடித்துக்கொண்டனர்.

கமில் சுவலபில் 1973இல் வெளியிட்ட சித்தர் பற்றிய நூலும், டேவிட் கோர்டன் ஒயிட் 1996இல் வெளியிட்ட ‘தி ஆல்கெமிக்கல் பாடி’ நூலும் உடலுக்கும் உலோகத்துக்கும் இடையிலான இத்தகைய உறவை நோக்கிக் கவனத்தைத் திருப்பியவை. ஆயினும் உடல், உலோகம் என்னும் இரண்டுக்கும் அப்பால் கல் என்னும் மூன்றாவது பொருளுக்கு இவ்வாய்வுகளின் மையத்தில் இடம் இல்லை. கோயிற்கலை ஆய்வாளரோ கல்லை மட்டும் கண்டனர். அதனை ஒட்டிய மருந்தைக் கணக்கிற் கொள்ளவில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இரசவாதம் நேரடியாக வரும் இடம் திருப்பூவணத்துப் பொன்னனையாளின் கதை. அது முப்பத்தாறாம் படலம். இறைவன் திருவுருவைப் பொன்னால் வார்க்க விரும்பிய அவளிடம் சித்தர் வந்து, வீட்டிலுள்ள உலோகப் பாண்டங்களில் நீறு தூவி, இரவில் தீயிலிடச் சொல்லி மறைகிறார். பாண்டங்கள் பொன்னாகின்றன; பொன் படிமமாகிறது; அப்படிமத்தின் அழகில் மயங்கி அவள் பதித்த நகக்குறி இன்றும் உற்சவத் திருமேனியின் கன்னத்தில் காட்டப்படுகிறது. இருபத்தோராம் படலத்தில் அதே சித்தர் கல் யானையைக் கரும்பு தின்னச் செய்கிறார். இரு கதைகளிலும் சித்தரின் ஆற்றல் சென்று சேரும் இடம் ஒரு படிமம். பொன் செல்வமாகத் தங்குவதில்லை, திருமேனியாகிறது. கல் கல்லாகவே இருந்துகொண்டு உயிர்க்கிறது. ஐரோப்பாவில் இரசவாதத்தைப் பற்றிப் படம் வரைந்தனர். தமிழ்க் கதைகளிலோ இரசவாதத்தின் விளைபொருளே படிமம். இவ்வேறுபாட்டை மறந்து செய்யும் ஒப்பீடு எங்குச் சறுக்கும் என்பதற்கு அர்த்தநாரி ஒப்பீடு தக்க சான்று.

அர்த்தநாரி ஒப்பீட்டின் பொருந்தாமை

ரோசாரியத்தின் படவரிசையில் அரசனும் அரசியும் சந்திக்கின்றனர், ஆடை களைகின்றனர், நீரில் இறங்குகின்றனர், கூடுகின்றனர், ஓருடல் இருதலையாய் ஆகின்றனர். பின் கல்லறையில் பிணமாகக் கிடக்கின்றனர், உயிர் பிரிகிறது, பனி பொழிகிறது, உயிர் மீள்கிறது, சிறகுடைய இருபால் உருவாக எழுகின்றனர். கார்ல் யுங் 1946இல் இப்படங்களை உளவியல் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவின் வரைபடமாகப் படித்தார். அவ்வாசிப்பு வலிமையானது. அதன் வழியே இருபால் உருவம் என்பது மனிதகுலம் அனைத்துக்கும் பொதுவான தொல்படிமம் என்ற கருத்தும் பரவிற்று. அதன்பின் அர்த்தநாரீசுவரரை அவ்வுருவின் இந்திய வடிவம் என்று கூறுவது எளிதாயிற்று.

முதல் தடை பொருளின் பால் சார்ந்தது. ஐரோப்பிய மரபில் கந்தகம் ஆண்; அது அரசன், ஞாயிறு, செம்மை. பாதரசம் பெண், அது அரசி, திங்கள், வெண்மை. பாதரசமே இருபாலது என்று கூறும் நூல்கள் அங்கு உண்டெனினும், இணைகளாக வரும்போது இவ்வமைப்பே பெரும்பான்மை. இந்திய இரச நூல்களிலும் சித்தர் வழக்கிலும் பாதரசம் சிவனது விந்து. கந்தகம் சத்தியின் நாதம். பொருள்கள் இரண்டும் அவையே, பால் தலைகீழ். ஒரே தொல்படிமம் இரு நாடுகளில் தோன்றிற்று என்றால் இத்தலைகீழ் மாற்றத்துக்கு விளக்கம் வேண்டும். தொல்படிமக் கொள்கை அதனைத் தருவதில்லை, கவனிப்பதும் இல்லை.

இரண்டாம் தடை வடிவம் சார்ந்தது, இன்னும் அடிப்படையானது. ரோசாரியத்தின் இருபால் உருவம் ஒரு வரிசையின் இடைக்கட்டம். அதற்கு முன்னும் பின்னும் படங்கள் உள்ளன. நடுவே இறப்பு உள்ளது. அந்த இறப்பின்றி அவ்வுருவுக்குப் பொருளில்லை. அர்த்தநாரியோ வரிசையில் நிற்பதில்லை. உமை தவமிருந்து இடப்பாகம் பெற்ற கதை அண்ணாமலையில் வழங்கினும், படிமம் அக்கதையின் படிகளைக் காட்டுவதில்லை. அதில் யாரும் இறப்பதும் இல்லை. ஒரே தலை, ஒரே உடல், நெடுக்குவாட்டில் பாகுபட்ட ஒரு நிலைபேறு அது. நிகழ்வைக் காட்டும் படத்தையும் நிலையைக் காட்டும் படிமத்தையும் புறத்தோற்ற ஒப்புமை கொண்டு ஒன்றெனக் கூறுவது, ஓடும் ஆற்றையும் நிறைந்த குளத்தையும் நீர் என்பதற்காக ஒன்றாக்குவது போன்றது.

தமிழில் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என்னும் மூன்று பாலும் ஒரு செய்முறையின் கட்டங்களாக அமையும் இடம் உண்டு. அது படிமத்தின் தோற்றத்தில் இல்லை. படிமத்துக்கு முன்பே, கல்லில் இருக்கிறது.

மயிலாடியின் கல்

மயிலாடி அகத்தீசுவரம் வட்டத்தில், சுசீந்திரத்துக்கும் மருந்துவாழ் மலைக்கும் அண்மையில் உள்ள ஊர்; கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. வட்டத்தின் பெயரே அகத்தியரைச் சுட்டுகிறது. அனுமன் சுமந்துசென்ற சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்த இடம் மருந்துவாழ் மலை என்பது ஊர் வழக்கு. அதன் குகையில் நாராயண குரு தவமிருந்தார். கிறித்தவ மறைப்பணியின் வரலாற்றிலும் இவ்வூருக்கு இடமுண்டு. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே 1809இல் தேவாலயம் எழுப்பியது இங்குதான். ஐரோப்பா இச்சிற்பிகளின் ஊருக்குள் முதலில் கொண்டுவந்தது படம் நிறைந்த மறைநூல்களை அன்று, படிமம் தவிர்த்த வழிபாட்டை என்பது வரலாற்றின் சிறு முரண்.

மயமதம் முதலான சிற்ப நூல்கள் கல்லை ஆண், பெண், நபும்சகம் என மூன்றாகப் பகுக்கின்றன. மூன்றாவதைத் தமிழ் வழக்கு அலிக்கல் என்னும். (மனிதர் மீது ஏவப்படும்போது இழிசொல்லாகிவிட்ட இச்சொல் கல்லின் மீது இழிவின்றி நிற்பது குறிக்கத்தக்கது.) தேர்வு ஒலியால் நிகழ்கிறது. தட்டினால் மணிபோல் கணீரென ஒலிப்பது ஆண், ஒலி மெலிந்தது பெண், ஒலியற்றது மூன்றாவது. நூலுக்கு நூல் உவமைகள் மாறினும் இவ்வரிசை மாறுவதில்லை. ஆண்கல் தேவர் உருவுக்கும், பெண்கல் தேவி உருவுக்கும் பீடத்துக்கும், மூன்றாம் கல் அடித்தளத்துக்கும் உரியன. அருகிலுள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள் கல்லின் ஒலியை உலகுக்குக் காட்டும் கலைப்பொருள்கள். சிற்பி அவ்வொலியைத் தினமும் காட்சிக்கன்றிச் சோதனைக்குப் பயன்படுத்துகிறார். செவியால் தேர்ந்தெடுத்த பாலைக் கண்ணால் காண இயலாது. சிலை முடிந்தபின் அதைப் பார்ப்பவர் எவரும் அது எந்தக் கல் என்று அறியார்.

இவ்விடத்தில் மேரியனின் முப்பத்தாறாம் சின்னத்தை நினைக்கலாம். கனசதுரக் கற்கள் சாலையிலும் மலையிலும் நீரிலும் காற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. ஞானியர் கல் எங்கும் உள்ளது, எவரும் பொருட்படுத்துவதில்லை என்பது கருத்து. அதைக் கண்டு ஆழ்ந்த உண்மை என வியப்பவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: அக்கல் கல்லன்று. அது பாதரசத்துக்கு வழங்கிய மறைபெயர். சிற்பிக்குக் கல் கல்லே. அது எங்கும் கிடப்பதும் இல்லை. தேட வேண்டும், தட்ட வேண்டும், தள்ள வேண்டும்.

தள்ளுவதற்குரிய காரணங்களில் தலையாயது தேரை. கல்லின் உட்பொதிவைச் சிற்ப நூல்கள் கர்ப்பம் என்கின்றன. கல்லின் மீது மருந்துக்கலவை பூசி இரவு முழுதும் விட்டுவைத்தால் வட்டம் தோன்றும். அவ்வட்டத்தின் நிறம் கொண்டு உள்ளிருக்கும் உயிரி தவளையா, பல்லியா, பாம்பா எனக் கணிக்கும் முறை அந்நூல்களில் உண்டு. கல்லுள் தேரை என்பது இறைவன் அருளுக்குத் தமிழர் சொல்லும் உவமை. சிற்பிக்கோ அதுவே குற்றம். ஐரோப்பிய இரசவாதப் படங்களில் தேரைக்கு உள்ள இடம் இதற்கு நேர்மாறு. மேரியனின் ஐந்தாம் சின்னத்தில் பெண்ணின் மார்பில் தேரையை வைத்துப் பால் ஊட்டுகின்றனர். தேரை வளர, பெண் மடிகிறாள். ஜார்ஜ் ரிப்ளியின் பெயரால் வழங்கும் கனவுக்கவிதையில் தேரையின் நஞ்சே மருந்தாக மாறுகிறது. அங்குத் தேரை தொடக்கப் பொருள். அழுகியும் நஞ்சாகியும் மருந்தாவது. இங்கு அது தொடங்குமுன் விலக்கப்பட வேண்டியது. நஞ்சைக் கடந்து மருந்தை அடையும் வழி தமிழ் மரபில் இல்லை என்பது இதன் பொருளன்று. அது கல்லுக்குள் நிகழ்வதில்லை என்பதே பொருள்.

கல்லுக்கடியில் மருந்து

மயிலாடிப் பட்டறையில் நிற்கும் சிலை வழிபாட்டு நோக்கில் முடிவுறாத ஒன்று. அதன் கண் திறக்கப்படவில்லை. பீடத்தோடு அது பொருந்தவில்லை. அவ்விரண்டும் அது சென்று சேரும் கோயிலில், குடமுழுக்கை ஒட்டி நிகழ்வன. பீடத்தின் அடியில் எந்திரத் தகடும் மணிகளும் வைக்கப்படுகின்றன. பின் சிலையை நிறுத்தி, இணைப்பில் அட்டபந்தனம் சாத்துகின்றனர். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்த்து, உரலில் இட்டு வெண்ணெய் சிறிது சிறிதாகச் சேர்த்து நெடுநேரம் இடித்துப் பதமாக்கிய கலவை அது. சூட்டில் குழைந்து பின் இறுகும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது மரபு. அதனை யாரும் பசை என்று சொல்வதில்லை, மருந்து என்றே சொல்கின்றனர்.

நூல்முறைப்படி தேவர் சிலைக்குரிய கல் ஆண், பீடத்துக்குரிய கல் பெண் என்பதை இங்கு மீண்டும் கொண்டுவர வேண்டும். ஆண்கல்லும் பெண்கல்லும் சேரும் இடைவெளியில், சிவவிந்துவும் சத்திநாதமும் கூடிய சாதிலிங்கம் கலந்த மருந்து நிறைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஓவியர் இருபது படங்களில் விரித்த கூட்டம் இங்கு விரல் அகல இடைவெளியில், எவர் கண்ணுக்கும் படாமல் நிகழ்ந்து முடிகிறது. கூன்ராத்தின் கூடத்தில் வழிபாட்டுக்கும் உலைக்கும் இடையே இருந்த தொலைவு இங்கு இல்லை. வழிபடப்படும் பொருளின் பாதத்திலேயே மருந்து உள்ளது.

இதற்கு மறுப்பு உண்டு. எட்டுப் பொருள்களில் அரக்கும் பிசினும் மெழுகும் ஒட்டுவதற்கு உரியவை. சாதிலிங்கமும் காப்புக்கும் இறுக்கத்துக்கும் சேர்ந்த ஒன்றாக இருக்கலாம். ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து அதன் மீது இரசவாதத்தை ஏற்றுவது ஆய்வாளரின் கற்பனை என்று கூறலாம். மறுப்பு நியாயமானது. பொருட்பட்டியல் ஒன்றே சான்றெனின் இவ்வாதம் நிற்காது. ஆனால் மரபே இவ்விரண்டையும் சேர்த்துக் கதை சொல்லியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இலிங்கத்தை நிறுவுங்கால் அட்டபந்தன மருந்து இறுகாமல் இளகியே நின்றது. போகர் வழிவந்த கருவூர்ச் சித்தர் வந்து தாம்பூலத்தை உமிழ்ந்ததும் இறுகிற்று என்பது அது. வரலாற்றுச் செய்தியாக இதனைக் கொள்ள வேண்டியதில்லை. கதை என்ற அளவிலேயே இதன் சான்று மதிப்பு பெரிது. கட்டுமானம் முழுதும் அரசனுக்கும் சிற்பிக்கும் உரியது. சித்தரின் தேவை எழுவது ஒரே இடத்தில், மருந்தில். வாதம் அறிந்தவனே அவ்விணைப்பை இறுக்க வல்லவன் என்பதைக் கதை கட்டியோர் உணர்ந்திருந்தனர். இளகும் இரசத்தைக் கட்டுதல் இரசவாதத்தின் முதல் வேலை என்பதையும், தாம்பூலத்தில் சுண்ணாம்பு உண்டு என்பதையும் சேர்த்துப் படித்தால் கதையின் நுட்பம் இன்னும் விளங்கும்.

அக்கோயிலின் உட்சுற்று ஓவியத்தில் இராசராசனும் கருவூராரும் எனப் பரவலாக அடையாளம் காணப்படும் இருவர் உள்ளனர். அவ்வடையாளம் குறித்து மாற்றுக்கருத்தும் உண்டு. எவ்வாறாயினும் அங்குச் சடையும் தாடியுமான ஆசிரியர் உருவமே தீட்டப்பட்டுள்ளது. உலை இல்லை, மருந்து இல்லை. ஓவியன் கைவிட்டதைக் கதை காத்திருக்கிறது.

பழனி இதன் மறுமுனை. போகர் நவபாடாணங்களைக் கட்டி முருகன் திருமேனியைச் செய்தார் என்பது அங்குள்ள மரபு. நவபாடாணப் பட்டியல்கள் தம்முள் ஒத்திருப்பதில்லை. எனினும் பலவற்றில் சாதிலிங்கம் இடம்பெறுகிறது. பழனியில் மருந்தே படிமம். திருமேனியைத் தொட்டு வந்த திருமுழுக்குப் பொருள்கள் மருந்தாகக் கொள்ளப்படுகின்றன. பிற கோயில்களில் படிமத்தின் அடியில் மருந்து. இரு வகையிலும் தமிழ் இரசவாதம் படிமத்தின் மீது வரையப்படாமல் படிமத்தின் பொருளாகவோ பிணைப்பாகவோ நிற்கிறது. நஞ்சு மருந்தாவதும் இவ்விடங்களில்தான். கல்லின் கர்ப்பத்தில் அன்று.

அருங்காட்சியகத்துக்கு வரும் கற்சிலை பீடத்தினின்று பெயர்க்கப்பட்டே வருகிறது. கூடத்தில் ஒளி பாய்ச்சி நிறுத்தப்படும்போது அது ஐரோப்பியப் படத்தைப்போல் முற்றிலும் கண்ணுக்குரியதாகிவிடுகிறது. உயரம், அகலம், கைகளின் எண்ணிக்கை, ஏந்திய கருவிகள், கால வரையறை ஆகியவை விவரப் பட்டியலில் ஏறுகின்றன. அடித்தண்டில் ஒட்டியிருக்கக்கூடிய செந்நிற எச்சத்துக்கு அப்பட்டியலில் கட்டம் இல்லை. அர்த்தநாரி ஒப்பீடு போன்றவை இப்பட்டியலை மட்டும் நம்பி எழுதப்படுவதன் விளைவுகள். மயிலாடியில் செதுக்கிய சிலை ஏதோ ஓர் ஊரில் நிறுவப்பட்டு, பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பாலாலயம் செய்யப்படும்போது, பழைய மருந்து சுரண்டி எடுக்கப்பட்டு, புதியது இடிக்கப்படுகிறது. எவ்வூரில் எப்பொருள் எவ்வளவு சேர்கிறது, எட்டில் எது குறைகிறது, எது மாற்றப்படுகிறது, இடிப்பவர் எவரிடம் பதம் கற்றார் என்பவற்றை அந்நாள்களில் அருகிருந்து பதிவுசெய்ய இயலும். அப்பதிவுகள் சேரும்வரை தமிழ் இரசவாதத்துக்குப் படம் இல்லை என்ற கூற்றும், உண்டு என்ற கூற்றும் சிலையின் மேற்பாதியை மட்டும் பார்த்துச் சொல்லப்படுவனவே.